அச்சாரம் வாங்காமல் வரையாதே, தம்பி

தேவகோட்டையிலிருந்து டொராண்டோ வந்து ஏழு மாதமாகிறது என்று எழுதியிருக்கிறாய். மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். ஒரு நிறுவனம் 'மாதிரிக்கு' மூன்று படம் சும்மா வரையச் சொல்கிறது, வரையலாமா? இன்னொருவர் வரைந்த படத்துக்கு இரண்டு மாதமாகப் பணம் தராமல் இழுக்கிறார், என்ன செய்ய? ஓவியர் சங்கத்தில் சேர்ந்தால் வேலை வராது என்று யாரோ பயமுறுத்துகிறார், நிஜமா?

சங்கத்தில் சேர். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மாதிரி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அப்பா ஆத்தங்குடியில் தரைக்குப் போடும் பூக்கல் செய்கிற பட்டறையில் வேலை பார்த்தவர். கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சை உள்ளே இறக்கி, கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவார். கண்ணாடியை விட்டு எடுக்கும்போதுதான் பூ எப்படி விழுந்திருக்கிறது என்று தெரியும். கல்லுக்கு இத்தனை என்று கூலி, உடைந்த கல்லுக்கு ஒன்றும் கிடையாது. "மாதிரிக்கு நாலு கல் போட்டுக் காட்டுங்க" என்று யாராவது கேட்டால், மூலையில் கிடக்கும் பழைய கல் ஒன்றைத் துடைத்து நீட்டுவார். "இதுவும் என் கைதான்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. நீயும் பழைய படங்களை அனுப்பு. புதிதாகத்தான் வேண்டும் என்றால் அதற்கு ஒரு விலை சொல். விலை கேட்டதும் மறைந்துபோகிறவர் எப்படியும் பணம் தந்திருக்க மாட்டார்.

இதை நான் அப்பாவிடம் படித்தும், இங்கே வந்ததும் மறந்தேன். முதல் வருடம் ஒரு பதிப்பகத்துக்கு இருபத்துநான்கு படம் வரைந்தேன். எட்டுப் பக்க ஒப்பந்தத் தாள் ஒன்று வந்தது. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும் நகரத்தார் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவள், அந்த எட்டுப் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். புது ஊர், கேள்வி கேட்டால் விரட்டிவிடுவார்களோ என்ற பயம். இரண்டு வருடம் கழித்து ஒரு டாலர் கடையில் காலண்டர் தொங்குகிறது. திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆச்சி, நான் வரைந்த ஆச்சி. அரக்குக் கண்டாங்கியைப் பச்சையாக்கியிருந்தார்கள். என் பெயர் எங்குமில்லை. காலண்டரை நானே காசு கொடுத்து வாங்கி வந்தேன் என்பதுதான் கூத்து.

அந்தத் தாளில் இரண்டு வரி இருந்தது. ஒன்று, எல்லா உரிமையும் அவர்களுக்கு. இன்னொன்று, தார்மீக உரிமையை, அதாவது படத்தில் என் பெயர் போடவும் படத்தைச் சிதைக்காமல் தடுக்கவும் எனக்குள்ள உரிமையை, நான் விட்டுக்கொடுக்கிறேன் என்பது. கனடா சட்டத்தில் அந்தத் தார்மீக உரிமையை விற்க முடியாது, ஆனால் விட்டுக்கொடுக்க முடியும். அதனால்தான் எல்லோரும் அந்த வரியை நுழைக்கிறார்கள். டவுன்டவுனில் ஈட்டன் சென்டருக்குப் போனால் தலைக்கு மேலே வாத்துக் கூட்டம் பறக்கும், பார்த்திருப்பாய். மைக்கேல் ஸ்னோ செய்த சிற்பம். ஒரு கிறிஸ்துமஸுக்கு அந்த வாத்துகளின் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார், 1982இல் ரிப்பனை அவிழ்க்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. என் ஆச்சிக்கு அந்த வழியில்லை, நானே எழுதிக் கொடுத்துவிட்டேனே.

சங்கம் என்ன செய்யும் என்றால், இந்த மாதிரித் தாளைத் தனியாகப் படிக்க விடாது. 1968இல் ஒன்டாரியோவில் ஜாக் சேம்பர்ஸ் என்ற ஓவியர் சில நண்பர்களோடு ஆரம்பித்ததுதான் கார்ஃபாக் என்ற ஓவியர் சங்கம். தேசிய கலைக்கூடம் ஓவியர்களின் படங்களை அச்சிட இலவச அனுமதி கேட்டதில் வந்த சண்டை அது. கண்காட்சியில் படத்தை வைத்தால் ஓவியருக்குக் கட்டணம் தர வேண்டும் என்பது அப்புறம்தான் வழக்கமானது. 1988இல் சட்டத்திலேயே ஏறியது. குறைந்தபட்சக் கட்டணத்தைப் பேசித் தீர்மானிக்க அந்தக் கலைக்கூடத்தோடு உச்ச நீதிமன்றம் வரை போய், 2014இல் ஜெயித்தார்கள். புத்தகப் படம் வரைகிற நமக்கு அவர்கள் கட்டணப் பட்டியல் அப்படியே பொருந்தாது. ஆனால் பேரம் பேசும்போது 'எனக்கு இவ்வளவு வேண்டும்' என்பதற்கும் 'வழக்கமான கட்டணம் இது' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிப் பார்த்தால் தெரியும். படக்காரர்களுக்கென்றே கேபிக் என்று ஒன்றும் இருக்கிறது, விசாரித்துக்கொள்.

சங்கம் வந்தால் எல்லாம் சரியாகும் என்று பொய் சொல்ல மாட்டேன். இதே டொராண்டோவில் ஃபுடோரா என்ற கம்பெனிக்காக வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் சங்கம் கேட்டார்கள். அவர்கள் சங்கம் வைக்கத் தகுதியுள்ளவர்கள்தான் என்று 2020 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. மே மாதம் கம்பெனி நாட்டைவிட்டே போய்விட்டது. ஆக, உன்னைப் பயமுறுத்துகிறவர் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் தனியாக இருந்த காலத்திலும் எனக்கு வேலை போயிருக்கிறது, அதைக் கேட்க ஆள் இல்லாமல்.

வரி பற்றிச் சுருக்கமாக: சொந்தத் தொழில்காரருக்குக் கணக்குக் கொடுக்க ஜூன் 15 வரை நேரம், ஆனால் கட்ட வேண்டிய பணத்துக்கு ஏப்ரல் 30தான் கெடு. ஓய்வூதியப் பங்கில் முதலாளி பாதியையும் நீயே கட்ட வேண்டும். வருகிற காசில் கால்வாசியை எடுத்துத் தனியாக வை.

இழுக்கிறவருக்கு இன்றே எழுது. கோபம் வேண்டாம். பில் எண், அனுப்பிய தேதி, தொகை, இத்தனாம் தேதிக்குள் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம் போவேன் என்று நான்கு வரி. அங்கே வக்கீல் இல்லாமலே நாம் பேசலாம். போனில் மட்டும் பேசித் தீர்க்காதே, கையில் எழுத்து இருக்கட்டும். அடுத்த வேலைக்குப் பாதி அச்சாரம் வந்த பிறகுதான் பென்சிலைத் தொட வேண்டும்.

சும்மா மாதிரி கேட்ட அந்த நிறுவனத்தார் ஏதாவது தாள் அனுப்பியிருந்தால் கையெழுத்துப் போடாமல் ஞாயிற்றுக்கிழமை எடுத்து வா. வெள்ளைப் பணியாரம் ஊற்றி வைக்கிறேன். ஆச்சி காலண்டரும் இன்னும் சமையல்கட்டில்தான் தொங்குகிறது, பார்க்கலாம்.