கஞ்சிக்கு 15 புள்ளி

அன்புள்ள ஐயா,

என் மகள் பத்தாம் வகுப்பு. ஆறு மாதமாக, எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கில வார்த்தை கட்டும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் பைத்தியம். நேற்று 'க்யூ, ஐ' என்று இரண்டே எழுத்தை வைத்துவிட்டு அதை 'சீ' என்று படிக்கிறாள். முந்தாநாள் உயிரெழுத்தே இல்லாமல் 'சி, டபிள்யூ, எம்'. அர்த்தம் கேட்டால், "தெரியாதுப்பா, ஆனா செல்லும்" என்கிறாள். அர்த்தம் தெரியாமல் ஜெயிப்பதெல்லாம் ஒரு ஆட்டமா? வெறும் மனப்பாடம்தானே?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

நீங்கள் தோற்ற கடுப்பில் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. சட்டப்படி மகள் பக்கம்தான் நியாயம். வார்த்தை பட்டியலில் இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி, அர்த்தத்தை யாரும் கேட்பதில்லை. நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024-இல் ஸ்பானிஷ் பட்டமும் அவருக்கே. அவரிடம் போய் அர்த்தம் கேட்க முடியுமா?

'சீ' உங்களைத் திட்டியதல்ல. சீனர்கள் சொல்லும் உயிராற்றல். மற்றதை 'கூம்' என்று படிக்க வேண்டும். வேல்ஸ் மொழியில் பள்ளத்தாக்கு. அந்த மொழியில் டபிள்யூவும் உயிரெழுத்துதான். எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் கடக்கும் 'வெஸ்டர்ன் கூம்' இதே கூம்தான், பிரிட்டிஷ் மலையேறி மலோரி 1921-இல் வைத்த பெயர்.

இந்த விசித்திர வார்த்தைகளை ஏன் தேடிப் பிடிக்கிறார்கள் என்றால், காரணம் வில்லைகள் இருக்கும் பையில் இருக்கிறது. ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி வில்லைகளைப் பங்கிட்டார். மொத்தம் 100 வில்லையில் க்யூ ஒன்றே ஒன்று, அதற்கு 10 புள்ளி. க்யூவுக்குத் துணையாக வரும் யூ நான்கு. அந்த நான்கும் கைமாறிப் போய்விட்டால் க்யூ நம் தலையில் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் யூ இல்லாமல் க்யூ வரும் வார்த்தைகள் இவர்களுக்கு உயிர்.

சரி, உங்கள் பக்கமும் கொஞ்சம் வருகிறேன். எனக்கு வெறும் பட்டியல் மனதில் நிற்காது, இரண்டு நாளில் ஆவியாகிவிடும். ஒட்டிக்கொண்டதெல்லாம் அர்த்தத்தால் ஒட்டியவைதான். 'க்யூ, ஏ, டி, ஐ': ரம்ஜான் பிறை தெரிந்ததா என்று அறிவிக்கிறாரே தலைமை காஜி, அந்தக் காஜிதான். 14 புள்ளி. 'எஃப், ஏ, க்யூ, ஐ, ஆர்' நம் பக்கீர், 17. ஒரு தடவை தெரிந்துகொண்டேன், பிறகு மறக்கவே இல்லை.

இதில் நான் அடிபட்ட கதையும் உண்டு. ஒரு பொங்கல் விடுமுறையில் மச்சினன் 'சி, ஓ, என், ஜே, ஈ, ஈ' என்று வைத்தான். "கஞ்சியா? டேய், இது தமிழ்டா!" என்று பாய்ந்தேன். அகராதியை எடுத்தோம், இருந்தது. தப்பாகச் சந்தேகப்பட்டால் ஒரு முறை ஆட்டம் போகும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம், எனக்குப் போயிற்று. ஜே இருக்கும் இடத்தில் ஜி போட்டும் அந்தக் கஞ்சியை எழுதலாம், ஆனால் ஜிக்கு 2 புள்ளி, ஜேவுக்கு 8. ஒரே கஞ்சி, ஒன்று 9, இன்னொன்று 15. படுபாவி தெரிந்துதான் வைத்திருக்கிறான்.

அன்றிலிருந்து நம் வீட்டுச் சரக்கையே தேடினேன். அணைக்கட்டு 'அனிகட்' ஆகியிருக்கிறது. சுருட்டு 'செரூட்', வெட்டிவேர் 'வெட்டிவர்'. கடைசி இரண்டுக்கும் ஏழேழு எழுத்து. கையில் உள்ள ஏழு வில்லையும் ஒரே மூச்சில் இறங்கினால் கூடுதலாக 50. ஆக சுருட்டுக்கு 62, வெட்டிவேருக்கு 63, பலகையில் சில கட்டங்கள் புள்ளியைப் பெருக்கும், அது தனி. நான் இன்னும் வெட்டிவேர் வைத்ததில்லை. இருக்கும் இரண்டு வி-யும் ஒருசேர என் கைக்கு வரவேண்டுமே.

அப்புறம், மகள் எந்தப் பட்டியலை வைத்து ஆடுகிறாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொன்னதெல்லாம் காலின்ஸ் அகராதிக்காரர்களின் பட்டியல். அமெரிக்கர்கள் பட்டியல் வேறு. ஒருநாள் 'ஏ, ஏ' என்று வைப்பாள். சண்டைக்குப் போகாதீர்கள். ஹவாயில் கரடுமுரடாக இறுகிக் கிடக்கும் எரிமலைக் குழம்புக்கு அதுதான் பெயர்.