கமாண்டர் மேசையில் காம்போ: எப்போது ஓடும், எப்போது வெட்டலாம்

மேஜிக்: தி கேதரிங் ஆட்டத்தின் கமாண்டர் வடிவத்தை நால்வராக ஆடுபவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஆளுக்கு 100 கார்டு (அதில் ஒன்று டெக்குக்கு வெளியே தனியாக இருக்கும் கமாண்டர்), 40 லைஃப். அதாவது ஜெயிக்க எதிராளிகள் மூவரின் மொத்தம் 120 லைஃபை இறக்க வேண்டும். காம்போவை, அதாவது சேர்ந்தால் ஒரே மூச்சில் ஆட்டத்தை முடிக்கும் கார்டுகளை, தேடிப் போவதற்கே அதுதான் காரணம்.

கேள்வி: டெக்கில் அருமையான இரண்டு கார்டு காம்போ இருக்கிறது. ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு பாதிதான் கைக்கு வருகிறது. டெக் தப்பா?

டெக் தப்பில்லை, கணக்கே அப்படித்தான். பலர் ஆடும்போது முதலில் ஆடுபவரும் முதல் டர்னில் கார்டு எடுப்பார். ஆக பத்தாவது டர்னில் 7 + 10 = 17 கார்டு பார்த்திருப்பீர்கள். 99 கார்டில் குறிப்பிட்ட இரண்டும் அந்த 17-க்குள் இருக்க வாய்ப்பு 2.8% மட்டுமே. காம்போவின் ஒரு பாதி உங்கள் கமாண்டரே என்றால் இது 17% ஆகிறது. மறுபாதியைத் தேடி எடுத்துத் தரும் கார்டுகள் நான்கு சேர்த்துவிட்டால் 62% வரை போகும். புதிதாகக் கட்டுபவர்கள் கமாண்டரிலிருந்து தொடங்குங்கள்.

ஹீலியட், சன்-கிரவுண்ட் கமாண்டராகவும் வாக்கிங் பாலிஸ்டா டெக்கிலும் இருப்பது நல்ல உதாரணம். பாலிஸ்டா தன் மேல் இருக்கும் +1/+1 கவுண்டர் (பலம் கூட்டும் அடையாளம்) ஒன்றை எடுத்து 1 டேமேஜ் அடிக்கும்; உங்களுக்கு லைஃப் ஏறும்போதெல்லாம் ஹீலியட் ஒரு கவுண்டர் வைப்பார். லைப்ரரியில் (இன்னும் எடுக்காத கார்டு அடுக்கில்) இருக்கும்போது பாலிஸ்டாவின் மானா மதிப்பு (போடும் செலவு) 0, டஃப்னஸும் (தாங்கும் சக்தியும்) 0. அதனால் சிறிய கிரியேச்சர்களை (சண்டையிடும் உயிரினக் கார்டுகளை) தேடித் தரும் ரேஞ்சர் ஆஃப் ஈயாஸ், ரெக்ரூட்டர் ஆஃப் தி கார்ட் இரண்டுமே அதைத் தேடி எடுக்கும். ஆர்ட்டிஃபாக்ட் என்பதால் என்லைட்டன்ட் டியூட்டருக்கும் அது கிடைக்கும்.

கேள்வி: அதே ஹீலியட் – பாலிஸ்டாதான் என்னுடையதும். பாலிஸ்டாவை X = 1 (ஒரு கவுண்டரோடு) என்று போட்டேன், ஒரு அடியோடு முடிந்துவிட்டது. ஏன்?

கவுண்டர் இல்லாத பாலிஸ்டா 0/0 (பவர்/டஃப்னஸ்). இருந்த ஒரே கவுண்டரை எடுத்ததும் அது செத்துவிடும். டேமேஜ் விழுந்து, லைஃப் ஏறி, ஹீலியட் புதிய கவுண்டர் வைக்க வரும்போது அங்கே பாலிஸ்டா இல்லை. குறைந்தது X = 2 வேண்டும். பாலிஸ்டாவுக்கு 4 மானா (X-ஐப் போல இரு மடங்கு), ஹீலியட் கொடுக்கும் லைஃப்லிங்க்குக்கு (அடித்த டேமேஜ் அளவு லைஃப் ஏற்றும் திறனுக்கு) 2, ஆக 6 மானா. ஒரு கவுண்டர் போகும், ஒன்று வரும், 120 தடவை.

ஆனால் X = 2-இல் ஒரு ஓட்டை இருக்கிறது. அடி ஸ்டாக்கில் (கடைசியில் போட்டது முதலில் தீரும் வரிசையில்) இருக்கும் அந்த நேரத்தில் பாலிஸ்டா மேல் ஒரே ஒரு கவுண்டர்தான் மிச்சம். அப்போது எதிராளி ரிமூவல் (கிரியேச்சரை அகற்றும் கார்டு) போட்டால், கடைசிக் கவுண்டரை எடுத்து இன்னொரு அடி அடிக்கலாம், அத்தோடு சரி. X = 3 என்றால் கதை வேறு. ரிமூவல் வந்ததும் அதற்கு மேலேயே அடுத்த அடியைப் போடுவீர்கள். அது தீர்ந்ததும் கவுண்டர் திரும்ப வரும், மறுபடி அடிப்பீர்கள். ரிமூவல் ஸ்டாக்கின் அடியில் கிடக்கும்போதே ஆட்டம் முடிந்துவிடும். அந்த ரிமூவல் போட்டவரை முதலில் காலி செய்யுங்கள். ஒருவர் ஆட்டத்தை விட்டுப் போனால் ஸ்டாக்கில் இருக்கும் அவருடைய ஸ்பெல்லும் கூடவே போய்விடும்.

எதிரில் இருப்பவருக்கு: லைஃப்லிங்க் ஸ்டாக்கில் இருக்கும்போதே பாலிஸ்டாவை அடியுங்கள். அவர் கையில் இன்னும் 2 மானா இருந்தால் அதற்கு மேலே மறுபடி லைஃப்லிங்க் கொடுப்பார், அதையும் எண்ணிக்கொண்டு போடுங்கள். ஹீலியட்டைக் குறிவைப்பது பெரும்பாலும் வீண். அவர் இன்டிஸ்ட்ரக்டிபிள் (அழிக்க முடியாதவர்). வெள்ளை டிவோஷன் (களத்தில் இருக்கும் அவரது கார்டுகளின் செலவில் உள்ள வெள்ளைக் குறிகளின் எண்ணிக்கை) 5 எட்டாதவரை கிரியேச்சரே இல்லை.

கேள்வி: மிக்காயஸ், தி அன்ஹாலோட் இருக்கும்போது டிரிஸ்கெலியானின் (இதுவும் கவுண்டரை எடுத்து அடிக்கும்) மூன்று கவுண்டரையும் எதிராளி மேல் அடித்தேன். டிரிஸ்கெலியான் சாகவே இல்லை.

சாகாது. மிக்காயஸ் தரும் +1/+1 இருப்பதால் கவுண்டர் தீர்ந்த பிறகும் அது 2/2. கடைசி இரண்டு அடியைத் தன் மேலேயே அடிக்க வேண்டும். முதல் சுற்றில் 1 எதிராளிக்கு, 2 தனக்கு. கவுண்டர் இல்லாமல் செத்ததால் மிக்காயஸ் தரும் அன்டையிங் திறன் அதைத் திருப்பிக் கொண்டுவரும், இப்போது 4 கவுண்டரோடு (தன்னுடையது 3, அன்டையிங் தருவது 1). இனி ஒவ்வொரு சுற்றிலும் 2 எதிராளிக்கு, 2 தனக்கு. 60 முறை திரும்பி வந்தால் 121 டேமேஜ். ஒரு கவுண்டர் மிச்சம் இருக்கும்போது செத்துவிட்டால் அன்டையிங் வேலை செய்யாது, கவனம்.

வெட்ட வேண்டுமென்றால், தனக்கு அடித்த அந்த இரண்டு அடியும் ஸ்டாக்கில் இருக்கும்போது மிக்காயஸை அகற்றுங்கள். இல்லையென்றால் அன்டையிங் டிரிகர் (தானாகக் கிளம்பும் விளைவு) ஸ்டாக்கில் இருக்கும்போது கிரேவ்யார்டிலிருந்து (செத்த கார்டுகளின் குவியலிலிருந்து) டிரிஸ்கெலியானை எக்ஸைல் செய்யுங்கள் (ஆட்டத்திலிருந்தே விலக்குங்கள்).

கேள்வி: கிகி-ஜிகியும் ஜெலஸ் கான்ஸ்க்ரிப்ட்ஸும் சேர்ந்துவிட்டால் எப்போது தடுப்பது?

கிகி-ஜிகி டேப் ஆகியிருக்கும்போது (பயன்பட்டுப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும்போது). அவர் டேப் ஆகி கான்ஸ்க்ரிப்ட்ஸின் நகலை (டோக்கனை) உருவாக்குவார், அந்த நகல் வந்ததும் அவரை அன்டேப் செய்யும். டோக்கன் வந்து, கிகி-ஜிகியை அன்டேப் செய்யும் டிரிகர் ஸ்டாக்கில் இருக்கும் அந்த நொடியில் கிகி-ஜிகியைக் கொல்லுங்கள். அவர் அன்டேப்பாக நிற்கும்போது ரிமூவல் போட்டால், அதற்கு ரெஸ்பான்ஸாகவே மறுபடி டேப் செய்து ஓட்டிவிடுவார்கள். ஓட்டுபவருக்கு: டோக்கன் ஒன்று 3/3, பிளாக்கர் இல்லாதபோது ஆளுக்கு 14, மூவருக்கு 42. பிளாக்கர்களையும் கூட்டி எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

கேள்வி: தாசாஸ் ஆரக்கிளை டிரிகருக்கு ரெஸ்பான்ஸாகக் கொன்றேன். இருந்தும் தோற்றேன்.

லைப்ரரி காலியாக இருந்தால் ஆரக்கிள் செத்தாலும் அவர் ஜெயிப்பார். நீல டிவோஷன் லைப்ரரியின் கார்டு எண்ணிக்கைக்குக் குறையாமல் இருந்தால் ஜெயிப்பு என்பதே அந்த டிரிகர். டிவோஷன் 0, லைப்ரரியில் 0 கார்டு, நிபந்தனை பொருந்திவிடுகிறது. அடிக்க வேண்டியது லைப்ரரியைக் காலி செய்யும் டெமோனிக் கன்சல்டேஷனை. அதை கவுண்டர் செய்தால் (இங்கே, ரத்து செய்தால்) லைப்ரரி அப்படியே இருக்கும், டிரிகர் சும்மா போகும். கன்சல்டேஷன் தீர்ந்துவிட்டது என்றால் ஸ்டைஃபிள் மாதிரி டிரிகரையே கவுண்டர் செய்வது வேண்டும். அல்லது டிரிகர் தீரும் முன்பே அவரை ஒரு கார்டு எடுக்க வைத்தால் காலி லைப்ரரியால் அவரே தோற்றுப்போவார். இந்தக் காம்போவுக்கு வெறும் 3 மானா. ஓட்டுபவர் எப்போதும் ஆரக்கிளை முதலில் இறக்கி, டிரிகர் ஸ்டாக்கில் இருக்கும்போது கன்சல்டேஷன் போட வேண்டும். மாற்றிப் போட்டு ஆரக்கிள் கவுண்டர் ஆனால் அடுத்த டிராவில் ஆட்டம் போச்சு.

கேள்வி: எக்ஸ்க்விஸிட் பிளட், சாங்குவின் பாண்ட் இரண்டும் இறங்கிவிட்டன. எதிராளி ஒருவரிடம் பிளாட்டினம் ஏஞ்சல் (வைத்திருப்பவர் தோற்க முடியாது). என்ன ஆகும்?

எதிராளி லைஃப் இழந்தால் பிளட் உங்களுக்கு லைஃப் தரும், உங்களுக்கு லைஃப் ஏறினால் பாண்ட் ஓர் எதிராளியின் லைஃபை இறக்கும், அதனால் இது சுழன்றுகொண்டே இருக்கும். மற்ற இருவரும் தோற்பார்கள். பிறகு மிஞ்சியவரின் லைஃப் 0-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும், ஆனால் அவர் தோற்கமாட்டார். இரண்டு டிரிகரும் கட்டாயம், உங்கள் விருப்பத்தில் நிறுத்த முடியாது. யாராலும் சுழலை உடைக்க முடியாவிட்டால் ஆட்டம் டிரா. முதல் லைஃப் ஏறும் முன்பே ஏஞ்சலை அகற்றுங்கள்.

கேள்வி: ஐசோக்ரான் செப்டர், டிராமாட்டிக் ரிவர்சல் வைத்தும் மானா பெருகவில்லை.

செப்டர் ரிவர்சலைத் திரும்பத் திரும்பப் போடும், அது உங்கள் கார்டுகளை அன்டேப் செய்யும். ஆனால் ரிவர்சல் லேண்டை (மானா தரும் நிலக் கார்டை) அன்டேப் செய்யாது. செப்டருக்கு ஒவ்வொரு முறையும் 2 மானா வேண்டும், ஆகவே லேண்ட் அல்லாதவற்றிலிருந்து குறைந்தது 3 வர வேண்டும். சோல் ரிங், ஆர்கேன் சிக்னெட் இரண்டும் போதும், சுற்றுக்கு 1 மிஞ்சும். "எல்லையில்லா மானா" என்று சொல்லாமல் ஓர் எண்ணைச் சொல்லுங்கள். பாலிஸ்டாவை X = 120 என்று போட 240 மானா. எத்தனை முறை என்று அறிவித்தால் போதும், ஒவ்வொன்றாக ஆட வேண்டாம். மற்றவர்கள் வரிசையாக ஒப்புக்கொள்ளலாம், அல்லது இந்த இடத்தில் நிறுத்து, நான் ரெஸ்பான்ட் செய்கிறேன் என்று சொல்லலாம்.

கேள்வி: காம்போ போட்டால் நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். எந்த மேசையில் கொண்டு போகலாம்?

2025 பிப்ரவரியில் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்ட 5 பிராக்கெட் முறையைப் பாருங்கள். 1, 2-இல் இரண்டு கார்டு முடிவிலிக் காம்போவே கூடாது. 3-இல் ஆட்டத்தின் பிற்பகுதியில் மட்டும். 4, 5-இல் அந்தத் தடை இல்லை. உட்காரும் முன்பே "என் டெக்கில் ஹீலியட் – பாலிஸ்டா இருக்கிறது" என்று பெயரோடு சொல்லுங்கள். அப்போதுதான் மற்ற மூவரும் ஒரு ரிமூவலைக் கையில் வைத்து ஆடுவார்கள். அதைத் தாண்டி ஓடிய காம்போவைத்தான் பிறகு எல்லோரும் பேசுவார்கள்.