மத நம்பிக்கையைக் காரணம் காட்டி வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப அமெரிக்காவில் கடைக்காரருக்கு உரிமை உண்டா?

பொதுவாக இல்லை. தென் கரோலினாவில் ஓர் உணவக நிறுவனத்தின் உரிமையாளர், வெள்ளையரோடு கறுப்பினத்தவரையும் அமர்த்திப் பரிமாறுவது தம் மத நம்பிக்கைக்கு முரணானது என்று வாதாடியபோது, உச்ச நீதிமன்றம் 1968இல் அதைப் பரிசீலிக்கவே தகுதியற்ற வாதம் என்று ஒதுக்கியது. அந்தத் தீர்ப்பு இன்றும் நிலைத்து நிற்கிறது.

சிக்கல் கொலராடோவிலிருந்து வந்தது. அம்மாநிலச் சட்டம் பாலியல் நாட்டத்தின் அடிப்படையிலான பாகுபாட்டையும் தடை செய்கிறது. 2012இல் 'மாஸ்டர்பீஸ் கேக்‌ஷாப்' உரிமையாளர், ஒருபாலினத் தம்பதிக்குத் திருமண கேக் செய்ய மறுத்தார். 2018இல் உச்ச நீதிமன்றத்தில் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் அவர் வென்றதை, மத விலக்குக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தம்பதியின் புகாரை விசாரித்த மாநில ஆணையம் அவருடைய சமயத்தைப் பகைமையோடு அணுகியது என்பதே தீர்ப்பின் அடிப்படை. மறுக்கும் உரிமை உண்டா என்ற அடிப்படைக் கேள்விக்கு நீதிமன்றம் விடை சொல்லவில்லை.

2023இல், ஒருபாலினத் திருமணங்களுக்கு இணையதளம் வடிவமைக்க விரும்பாத ஒருவர் தொடுத்த '303 கிரியேட்டிவ்' வழக்கில், தாம் ஏற்காத கருத்தைத் தம் படைப்பின் வழியே சொல்லும்படி ஒருவரை அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பானது. இங்கும் வென்றது மதச் சுதந்திரம் அன்று, பேச்சுச் சுதந்திரமே. ஆளை மறுப்பதும் செய்தியை மறுப்பதும் வேறு என்பது அதன் தருக்கம். ஆனால், திருமணத்தையே மறுக்கும்போது மணமக்களை மறுக்கவில்லை என்று சொல்வது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. மேலும் பூ அலங்காரமும் புகைப்படமும் எந்தப் பக்கம் சேரும் என்பதற்கும் அத்தீர்ப்பு தெளிவான எல்லை வகுக்கவில்லை.