குடியை விட்ட பிறகும் மனசு ஏன் மந்தமாகவே இருக்கிறது?

கேள்வி: தினமும் மாலை ஏழு மணிக்கு இரண்டு பெக் என்று இருந்தவன். விட்டு மூன்று வாரம் ஆகிறது. உடம்பு தேறிவிட்டது. ஆனால் பாட்டு, நண்பர்கள் எல்லாமே சப்பென்று இருக்கிறது. தியானத்தில் ஐந்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை. போதை இல்லாமல் சந்தோஷமாக இருக்கவே முடியாதா?

பதில்: முடியும். மூன்றாவது வாரத்திலேயே எதிர்பார்ப்பதுதான் அவசரம். மது மூளையில் டோபமைனை (சந்தோஷ உணர்வைத் தூண்டும் ரசாயனம்) செயற்கையாக ஏற்றிவிடும். தினமும் அப்படி நடந்தால், மூளை அதற்கு ஈடாகத் தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். குடி நின்ற அன்றே அது பழைய நிலைக்குத் திரும்பாது. சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். அதுவரை சின்னச் சின்ன சந்தோஷங்கள் உறைக்காது. ‘நமக்கு இவ்வளவுதான்’ என்று முடிவுகட்டி மறுபடி பாட்டிலைத் திறப்பவர்கள் நிறையப் பேர்.

உங்களுக்கு இப்போது தேவை, காலியாகக் கிடக்கும் அந்த ஏழு மணிக்கு ஒரு வேலை. ஆறரைக்கே ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள்; பசி குடிக்கும் ஆசையைக் கிளறும். ஏழு மணிக்கு முப்பது நிமிட நடை. பேச முடிய வேண்டும், பாட மூச்சு போதக் கூடாது. அந்த வேகம் போதும். அதன்பின் கைக்கு வேலை வைக்கும் ஏதாவது ஒன்று, அல்லது ஒருவரோடு நேரில் பேச்சு. மனசு வந்தால் போகலாம் என்று காத்திருந்தால் போகவே மாட்டீர்கள்.

ஒரு நோட்டில் இந்த ஏழு மணி வேலைக்கு முன்னும் பின்னும் மனநிலைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். 3 என்பது 4 ஆனால்கூட அது ஏற்றம்தான். இரண்டு வாரம் கழித்துப் புரட்டினால் எது உங்களைத் தூக்கிவிடுகிறது என்று தெரியும் (மொபைல் பெரும்பாலும் தூக்கிவிடாது). ஒரே நாளில் யோகா, ஜிம், டயரி, தியானம் என்று ஐந்தைத் தொடங்காதீர்கள். பத்தாம் நாள் ஐந்தும் நின்றுவிடும்.

குடிக்கத் தோன்றும் வேகம் பொதுவாக அரை மணி நேரத்துக்குள் தணியும். இடத்தை மாற்றுங்கள். நான்கு விநாடி மூச்சை இழுத்து ஆறு விநாடி விடுவதை ஐந்து நிமிடம் செய்யுங்கள். தியானத்துக்கு இப்போதைக்கு இதுவே போதும். மந்தம் இரண்டு மாதம் தாண்டினாலோ, தூக்கமும் பசியும் கெட்டாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றே போக வேண்டும்.

கேள்வி: மதுவுக்குப் பதில் சிகரெட், காபி பரவாயில்லையா?

பதில்: சிகரெட் வேண்டாம். ரத்தத்தில் நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும்; அப்போது வரும் படபடப்பை அடுத்த சிகரெட் அடக்குவதைத்தான் பலரும் நிம்மதி என்கிறார்கள். காபி குடிக்கலாம், மதியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கஃபீன் பாதியாகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். தூக்கம் கெட்டால் மறுநாள் மனசும் கெடும்.

கேள்வி: என் கணவர் காலையிலேயே குடிக்கத் தொடங்கிவிடுகிறார். நாளையிலிருந்து ஒரேயடியாக நிறுத்தச் சொல்லட்டுமா?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம் அம்மா. இந்த அளவுக்குக் குடிப்பவர் சட்டென நிறுத்தினால் முதல் நாளிலேயே கைநடுக்கம், வியர்வை வரலாம்; இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் வந்தால் அது உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போடுவார்கள். தினமும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததுண்டா என்ற மூன்றையும் எழுதி எடுத்துப் போங்கள்.