கிளட்ச் மாற்றினார்கள், கியர் ஆயில் ஊற்றினார்களா?

கேள்வி: போன வாரம் என் ஆம்னி வேனுக்கு கிளட்ச் செட் மாற்றினேன். பில்லில் கியர் ஆயில் 3 லிட்டர் என்று இருக்கிறது. ஆனால் பழைய ஆயிலையே திரும்ப ஊற்றியதாகப் பட்டறைப் பையன் சொல்கிறான். இப்போது மூன்றாவது கியரில் ஊளையிடுவது போல் சத்தம். வண்டியை ஓட்டலாமா? எவ்வளவு ஆயில் இருக்க வேண்டும்?
- காய்கறி வேன் உரிமையாளர், ஒட்டன்சத்திரம்

பதில்: அளவு பார்க்கும்வரை லோடு ஏற்றாதீர்கள். கிளட்ச் மாற்ற கியர் பாக்ஸை இறக்க வேண்டும். அதற்கு, கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டை உருவ வேண்டும். உருவிய இடத்தில் ஆயில் கொட்டும். திரும்ப ஊற்றாமல் விட்டால் முதலில் கேட்பது இந்தச் சத்தம்தான். நாலாவது கியரில் சத்தம் நின்றுவிடுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நின்றால் கோளாறு கியர் பாக்ஸில். நிற்காவிட்டால் கிரவுனையும், அதாவது பின் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியையும், பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த 3 லிட்டருக்கு வருவோம். ஆம்னி கியர் பாக்ஸ் 2 லிட்டர்கூடக் குடிக்காது. கிரவுனுக்கும் சேர்த்து ஊற்றினோம் என்பார்கள். கிளட்ச் வேலைக்குக் கிரவுனைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. தொட்டிருந்தால் உங்களிடம் கேட்டுவிட்டுத்தானே தொட்டிருக்க வேண்டும்? காலி டப்பாக்களைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினாலும் வாங்கி ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள். நல்ல கம்பெனி டப்பாவில் லூஸ் ஆயிலை நிரப்பி விற்பவர்களுக்கு அந்தக் காலி டப்பாதான் சரக்கு. மெக்கானிக்குக் கமிஷன் வைத்து விற்கும் கடையில் ஆயில் வாங்காதீர்கள், நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

வாங்கும்போது ‘90 ஆயில்’ என்று மட்டும் கேட்டால் கையில் கிடைப்பதைக் கொடுத்துவிடுவார்கள். டப்பாவில் ஜிஎல்-4 என்ற தரக் குறியீடு இருக்க வேண்டும். ஜிஎல்-5 கிரவுனுக்கு. அதில் இருக்கும் கந்தக மருந்து கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பித்தளை வளையங்களுக்கு ஆகாது, கியர் விழவும் முரண்டு பிடிக்கும். இரண்டும் பார்வைக்கு ஒரே தேன் போலத்தான் இருக்கும். அந்த 90 போல, ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் கிரேடு எண்ணை வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். வேன் வாங்கும் எத்தனை பேர் கையில் தமிழில் ஒரு கையேடு இருக்கிறது?

பழைய ஆயிலை ஊற்றலாமா என்றால், ஒரே ஒரு நிலைமையில் ஊற்றலாம். சமீபத்தில்தான் மாற்றிய ஆயிலாக இருக்க வேண்டும். மாற்றியதற்கு உங்களிடம் பில் இருக்க வேண்டும், மெக்கானிக்கின் ஞாபகம் போதாது. சுத்தமான பாத்திரத்தில் பிடித்திருக்க வேண்டும். கிரீஸ் கழுவிய டிரேயில் பிடித்தது கணக்கில் வராது. கறுத்திருக்கக் கூடாது, விரலில் தேய்த்தால் மினுமினுவென்று இரும்புத் தூள் தெரியக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் புதிதுதான். உங்கள் வண்டியில் இது எதுவும் தெரியாததால் ஆயிலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

அளவு பார்ப்பதற்கு இன்ஜினில் இருப்பது போல் குச்சி கிடையாது. கியர் பாக்ஸ் பக்கவாட்டில் இருக்கும் போல்ட்தான் அளவு. வண்டி சமதளத்தில், ஆறிய நிலையில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால் கணக்குத் தப்பும். அந்த போல்ட்டைக் கழற்றிச் சுண்டுவிரலை உள்ளே விட்டு வளைத்தால் ஓட்டையின் கீழ் விளிம்பு மட்டத்தில் ஆயில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால், ஓட்டையில் வழியும்வரை டியூப் வைத்து ஊற்றி, வழிவது நின்றதும் போல்ட்டை மூடச் சொல்லுங்கள். லிட்டர் கணக்கை விட இதுதான் நம்பகமானது. வடிக்கும்போதும் இந்த மேல் போல்ட்டை முதலில் தளர்த்தச் சொல்லுங்கள். அடி போல்ட்டைத் திறந்து எல்லாம் வடிந்த பிறகு மேல் போல்ட் மழுங்கிப்போய்த் திரும்பவில்லை என்றால் வண்டி பட்டறையிலேயே கிடக்கும்.

வடிக்கும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். உள்ளிருந்து வரும் ஆயில் மிகக் குறைவாக இருந்தாலோ, கியரின் பல் துண்டு ஏதாவது விழுந்தாலோ போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஊற்றிய பிறகும் சத்தம் குறையாவிட்டால் பேரிங் போயிருக்கலாம். அந்தச் செலவைப் பட்டறைக்காரரிடம் கேட்க உங்களுக்கு அந்தப் போட்டோவும் 3 லிட்டர் பில்லும் வேண்டும்.