வாசகர் கேள்விகள்: கோடைக் கடைசியில் கருகும் புல்தரை

கேள்வி (ஏற்காடு வாசகர்): எங்கள் தங்கும் விடுதியில் விருந்தினர்கள் கோல்ஃப் பந்து தட்டிப் பழக சின்னப் புல்தரை இருக்கிறது. பெர்முடா புல். மே கடைசியில் ஒரு ரூபாய் நாணய அளவில், வைக்கோல் நிறத்தில் புள்ளிகள் விழுகின்றன. சேலத்தில் பள்ளி மைதானம் பார்க்கும் என் மச்சான், "அங்கேயும் இதே நோய்தான், யூரியாவை நிறுத்து" என்கிறார். நிறுத்தலாமா ஐயா?

பதில்: நிறுத்தாதீர்கள். உங்களுடையது 'டாலர் ஸ்பாட்' போலத் தெரிகிறது. தழைச்சத்து குறைந்து பசியோடு இருக்கும் புல்லைத்தான் இந்தப் பூஞ்சை பிடிக்கும். விடியற்காலையில் குனிந்து பாருங்கள். புள்ளியின் மேல் சிலந்திவலை மாதிரி வெள்ளை நூல் படர்ந்திருக்கும், வெயில் ஏறியதும் மறைந்துவிடும். இலையில் வெளிறிய தழும்பும் அதன் ஓரத்தில் செம்பழுப்புக் கோடும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் கோடை மழைக்குப் பிறகு பனி இலையில் வெகுநேரம் தங்கும். அதுதான் உங்கள் எதிரி. கோல்ஃப் மைதானங்களில் நாங்கள் செய்த வேலை இதுதான்: விடிந்ததும் இரண்டு பேர் நீளக் கயிற்றின் இரு முனையையும் பிடித்துப் புல்லின் மேல் இழுத்துப் பனியை உதிர்ப்போம். காசு செலவில்லை, பலன் நிச்சயம். அப்புறம் 100 சதுர அடிக்கு 50 கிராம் யூரியாவைக் கரைத்துத் தெளித்து, உடனே நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள். வெட்டும் உயரத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள். போட்டி மைதானத்தில் 3 மில்லிமீட்டருக்கு வெட்டுகிறார்களே என்று நீங்களும் ஒட்ட வெட்டினால், கோடையில் புல் தாங்காது.

கேள்வி (அதே கடிதத்தின் பின்பக்கத்தில் மச்சான்): என் மைதானத்தில் புல் கறுத்து, எண்ணெய் தடவியது போல வழவழக்கிறது. தண்ணீர் ஓடும் சரிவிலேயே கோடாகப் பரவுகிறது. வெயிலுக்குப் பயந்து சாயங்காலம்தான் தண்ணீர் விடுகிறேன். கடையில் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கொடுத்தார்கள், அடித்தும் நிற்கவில்லை.

பதில்: நிற்காது. நீங்கள் சொல்கிற அடையாளம் எல்லாம் பித்தியம் அழுகலுடையது. இது பூஞ்சை போலத் தோன்றினாலும் வேறு இனம், கார்பென்டாசிம் அதைத் தொடாது. மெட்டலாக்சில் கலந்த மருந்துதான் கேட்கும். ஆனால் மருந்துக்கு முன்னால் பழக்கத்தை மாற்ற வேண்டும். சேலத்தில் கோடை இரவும் புழுக்கம்தான். அந்தச் சூட்டில் இலை ராத்திரி முழுக்க நனைந்து கிடந்தால் ஒரே இரவில் பரவிவிடும். அதிகாலையில் தண்ணீர் விடுங்கள், பகலில் காய்ந்துவிடும். யூரியாவை நிறுத்தியது உங்களுக்குச் சரி. புல் தளதளவென்று கொழுத்தால் பித்தியத்துக்குக் கொண்டாட்டம். ஏற்காட்டில் இருக்கும் உங்கள் மச்சானின் புல்லுக்கு அது பட்டினி.

ஈரமாக இருக்கும்போது அந்த இடத்தில் வெட்டும் மெஷினை ஓட்டாதீர்கள், பிள்ளைகளையும் விளையாட விடாதீர்கள். சக்கரத்திலும் காலிலும் ஒட்டிக்கொண்டு நோய் போகும். நல்ல இடத்தை முதலில் வெட்டி, கெட்ட இடத்தைக் கடைசியில் வெட்டி, மெஷினைக் கழுவி வையுங்கள்.

மருந்து வாங்கும் முன், பச்சையும் கருகலும் சேரும் ஓரத்தில் மண்ணோடு ஒரு துண்டு வெட்டி, செய்தித்தாளில் சுற்றி, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வழியிலேயே அழுகிவிடும்.