யாருடைய சுவர்?

கேள்வி: அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் அருகே ஒரு தேவாலயச் சுவரில், குரோஷியாவிலிருந்து குடியேறிய ஓவியர் மாக்ஸோ வான்கா, நச்சுவாயு முகமூடி அணிந்த உருவத்தையும் உண்டு கொழுக்கும் முதலாளியையும் வரைந்திருக்கிறாராமே? பிழைக்கப் போன நாட்டைப் பழிப்பது நன்றிகெட்ட செயல் அல்லவா?
‍- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வான்கா பிழைக்கப் போனவர் அல்லர், ஜாக்ரெப் நுண்கலை அகாதெமியில் பேராசிரியராக இருந்துவிட்டு, அமெரிக்கரான தம் மனைவியுடன் 1930களின் நடுவில் அங்கே குடியேறியவர். பிழைக்கப் போனவர்கள், மில்வேலில் உள்ள அந்தப் புனித நிக்கோலஸ் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் மண்டியிட்ட குரோஷியத் தொழிலாளர்கள். பங்குத் தந்தை ஆல்பர்ட் ஸாகர் அழைத்ததன் பேரில், 1937இலும் மறுபடி 1941இலும், இரவு வெகுநேரம் வரை சாரத்தின்மேல் நின்று அவர் வரைந்தார். அந்த இரவுகளில் ஒரு பாதிரியாரின் ஆவியைக் கண்டதாக அவர் சொன்னது தனிக்கதை. நாம் சுவருக்கு வருவோம்.

அங்கே குரோஷியத் தாய் பிள்ளையைப் போருக்கு வளர்க்கிறாள், குடியேறிய தாய் ஆலைக்கு வளர்க்கிறாள். இரண்டு ஓவியங்களிலும் பெண்கள் பிணத்தைச் சூழ்ந்து அழுகிறார்கள். பிறந்த நாட்டையும் விட்டுவைக்காதவரிடம், புகுந்த நாட்டை மட்டும் பழித்ததாக வழக்குத் தொடுக்க முடியாது. 'அநீதி' என்ற அந்த முகமூடி உருவத்தின் ஒரு கையில் வாள், மறு கையில் தராசு. தராசில் ரொட்டி மேலே எழும்ப, பொன் தாழ்ந்து நிற்கிறது. முதலாளியோ, காலடியில் ஒரு பிச்சைக்காரர் கிடக்க, நிறைந்த மேசைமுன் தனியே அமர்ந்து பங்குச்சந்தை விவரத்தைப் படிக்கிறார். அதற்கு இணையாக வரைந்த ஓவியத்தில் ஓர் ஏழைக் குடும்பம் எளிய உணவைப் பகிர்ந்துகொள்ள, அவர்களோடு கிறிஸ்து இருக்கிறார். சுவிசேஷத்தைப் புரட்டிப் பார்த்தவர் எவருக்கும் இதில் அதிர்ச்சி அடைய ஒன்றும் இல்லை.

இந்த ஓவியங்களை அமெரிக்காவுக்குத் தம் பங்களிப்பு என்றே வான்கா கருதினார். நன்றி என்றால் புகழ்பாடுவது என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் அதற்கு அவர் பொறுப்பல்லர். அதே பத்தாண்டில், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மையத்தில் மெக்ஸிகோ ஓவியர் டியேகோ ரிவேரா லெனினை வரைந்தபோது, பணம் கொடுத்தவர்கள் அந்த ஓவியத்தையே 1934 பிப்ரவரியில் உடைத்து எறிந்தார்கள். மில்வேலின் சுவர் தொழிலாளர்களுடையது. ஆகவே அங்கே முதலாளி இன்றும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.